பூவாடைக்காரியைக் காரில் ஏற்றிய நாள்

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலை கட்டுவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனி, அதில் டெஸ்பாட்ச் செக்‌ஷன். செய்து முடித்த பம்பைப் பலகைப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் வைக்கோலோ தெர்மாகோலோ அடைத்து, ஆணி அறைந்து, லாரியில் ஏற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அந்த செக்‌ஷன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. கட்டி முடித்ததும் பொருளைக் கையால் பிடித்து ஆட்டு. பொருள் மட்டும் தனியாக ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டு. பொருளோடு சேர்ந்து வண்டியும் ஆடினால் கதவைச் சாத்தி அனுப்பு. நான் கட்டி அனுப்பிய லோடு வழியில் சரிந்தது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு நாள் கட்டாமல் போனேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரி தவறி மூன்று வருடம் முடிந்துவிட்டது. கிட்னி பழுதாகி, வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, நாலு வருடம் இழுத்தாள். அவளை அழைத்துப் போவதற்காகத்தான் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, ஐம்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின் சீட்டில் இடது பக்கம் அவள் இடம். திரும்பி வரும்போது களைத்துப் போனால் அப்படியே சாய்ந்து படுத்துக்கொள்வாள். பெல்ட் போட மட்டும் ஒப்பமாட்டாள். "வயித்த அழுத்துது. நீ மெதுவா ஓட்டு, எனக்கு எதுக்கு பெல்ட்டு" என்பாள். நான் கதவைத் திறந்து, குனிந்து, இழுத்து மாட்டிவிடுவேன்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்விட்ட பெண்ணை அந்த வீட்டுக்குத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். பூவாடைக்காரி என்று பெயர். ஒரு பெட்டியில் அவளுக்கென்று புதுப்புடவை, மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, ஒரு பித்தளைச் சொம்பு வைப்போம். கல்யாணமோ, சீமந்தமோ, வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரிக்குப் பெட்டியை நானே செய்தேன். ரிட்டயர் ஆகும்போது கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த பெட்டிப் பலகை வீட்டில் கிடந்தது. இரண்டரை அடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும், உடையும் பொருள் என்று காட்டும் கோப்பைப் படமும் கறுப்பு மையில் அச்சாகியிருந்தன. இழைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு ஹாலில், கிழக்குப் பார்த்து, அந்தப் பெட்டி மூன்று வருடம் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றுவேன். வெள்ளிக்கிழமை ஒருபொழுது. ஆடியில் புதுப்புடவை. விளக்கேற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, கேஸ்காரன் வந்தான், முழங்கால் வலிக்கிறது, கோயிலில் இன்றைக்குக் கூழ் ஊற்றினார்கள். முதலில் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தேன். சாமியிடம் பேசுகிறோமா பெண்டாட்டியிடம் பேசுகிறோமா என்று சில நாள் எனக்கே தெரியாது. கும்பிட்டு எழுந்த கையோடு, "ரசப்பொடி எங்க வெச்ச" என்று கேட்டிருக்கிறேன். நாள் முழுக்க நான் வாய் திறக்கிற இடம் அது ஒன்றுதான்.

பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. பன்னிரண்டு பச்சைக் கண்ணாடி வளையல், பழைய செய்தித்தாளில் சுற்றினது. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு திருவிழாக் கடையில் நின்று என் வீட்டுக்காரி இந்த வளையலைப் பொறுக்கி எடுத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"புள்ளைக்கு. வளைகாப்புக்கு மொத வளையல் தாய் வீட்டுதுதான."

"மொதல்ல வயிறு தெறக்கட்டும்டி."

"தெறக்கும். நீ பேசாம காச எடு."

அவள் இருக்கும்வரை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேளை வரவில்லை. போன பிறகு நான் பெட்டியில் அவள் புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த வருடம் அம்மன் கண் திறந்தாள்.

ஏழாம் மாதம் பிறந்ததும் மகள் போன் செய்தாள். அவள் இருப்பது செம்பரம்பாக்கம் பக்கம், ஏரிக்கரைக்கு இந்தப்புறம் புதிதாக வந்திருக்கும் அடுக்கு வீடு ஒன்றில். இரண்டு ரூம். மாப்பிள்ளையின் அம்மாவும் அவர்களோடுதான்.

"அப்பா, அடுத்த வெள்ளி வளைகாப்பு வெச்சிருக்கு. அம்மாவ முன்னாடியே இங்க கொண்டாந்து உக்கார வெச்சுடணும். அத்தையும் அதான் சொல்றாங்க."

"கொண்டாரேன்மா."

"அப்புறமும் இங்கயே இருக்கட்டும்பா. புள்ள பொறந்து, பேர் வெச்சு, மொட்டை போட்டு... எல்லாத்துக்கும் அம்மா வேணும்ல. சும்மா சும்மா அலைக்கழிக்க முடியுமா? நான் தினமும் விளக்கேத்தறேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில்தான் பூவாடைக்காரி இருக்க வேண்டும். மேனாம்பேட்டு வீட்டில் இனிமேல் என்ன நல்ல காரியம்? என்னை வரச் சொல்லவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. அந்த இரண்டு ரூமில் எங்கே என்னைப் படுக்க வைப்பாள்? "சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு அன்றைக்கு விளக்கேற்றும்போது, பெட்டியிடம் அந்தச் செய்தியை மட்டும் சொல்லவில்லை.

குட்டியானை லோடு வண்டி பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதில் ஏறுகிறவன் செருப்புக்காலோடு ஏறுவான், பெட்டிமேல் கைவைத்துச் சாய்ந்து உட்காருவான். அவள் போய் வந்த காரிலேயே அவளை அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். தூக்கி ஏற்ற ஆள் வேண்டும். என்னோடு டெஸ்பாட்சில் இருந்தவர் பக்கத்துத் தெரு. நாங்கள் ஒருவரை ஒருவர் மாமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், முறை ஒன்றும் கிடையாது. காலையில் நல்ல நேரம் பார்த்து, ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன்.

வந்ததும், நான் பின் சீட்டைத் துடைத்துப் புதுத் துண்டு விரித்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னா மாமே, சாமிக்கு சீட்டா? டிக்கெட் எட்த்துட்டியா?"

"கிண்டல் பண்ணாம தூக்கு."

"தூக்கறேன். ஆனா நீ பண்றது தப்பு. பின் சீட்ட மடக்கு. பெட்டிய மல்லாக்கப் படுக்க வெய்யி. நாலு பக்கமும் இஸ்துக் கட்டு. இத நான் உனுக்குச் சொல்லணுமா?"

"படுக்க வெக்க மாட்டேன்."

"அப்ப கண்ணாடிய சீட்டுப் பக்கமாத் திருப்பி வெய்யி. ஒடையாம போவும்."

"சாமி போற பக்கம் பாத்துத்தான் ஒக்காரணும். முதுவு காட்டினு போவுமா?"

"உள்ள சொம்பு கீது. அதையாவது எட்த்துத் துணியில சுத்து."

"அவ எடத்தக் கலைக்கக் கூடாது. எப்டி கீதோ அப்டியே போவணும்."

"சரிப்பா. குறுக்க ஒரு கயிறாவது போடு."

"கயிறு வேணாம் மாமே."

"முப்பது வருசம் ஒண்ணாக் கட்டினோம். ஒரு பம்ப கட்டாம அனுப்பிக்கிறியா நீ? பம்புக்குக் கீற மரியாத சாமிக்கு இல்லியா?"

நான் சீட்டில் விரித்த துண்டை நீவிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரியும். அவளை எடுத்த அன்று பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான்.

அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்ததால் கட்டினவர்கள் அவசரத்தில் கட்டிவிட்டார்கள். தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் அவள் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. எனக்குப் பார்க்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னேன். கீழே வைக்கச் சொல்லி, கயிற்றை அவிழ்த்து, மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று நானே போட்டேன். அழுதுகொண்டு கட்டினேனா, அழாமல் கட்டினேனா, நினைவில்லை. கட்டி முடித்துப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதையும் கயிறு போட்டுக் கட்டியதில்லை. பழைய பேப்பர் கட்டக்கூடக் கோணிப்பையில்தான் போடுவேன். அவளை இன்னொரு தடவை படுக்க வைத்து, இன்னொரு தடவை கயிறு போட என் கை வராது.

ஆகையால் பெட்டியை அவள் உட்காரும் இடது பக்க சீட்டில் நிறுத்தினோம். கண்ணாடிக் கதவு முன்பக்கம் பார்த்தபடி. சீட் பெல்ட்டை இழுத்துக் குறுக்கே போட்டு மாட்டினேன். பெல்ட் கயிறு இல்லையே. உயிரோடு உட்கார்ந்து போகிறவர்கள் போட்டுக்கொள்வதுதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். அவர் பெட்டியின் தலையைப் பிடித்து ஆட்டினார். அடிப்பக்கம் நின்றது, தலைப்பக்கம் முன்னும் பின்னும் போய்வந்தது.

"ஆடுது பாரு."

"மெதுவாப் போறேன்."

"நீ மெதுவாப் போவ. எதுருல வர்றவனுக்கு யாரு சொல்றது?" என்றவர், தன் வண்டியிலிருந்து இரண்டு லாஷிங் பெல்ட்டை எடுத்துவந்து டிக்கியில் போட்டார். லாரியில் லோடு கட்டும் நைலான் பட்டை அது. ஒரு முனையில் இறுக்கிப் பூட்டுகிற இரும்புக் கட்டை இருக்கும். "வேணாம்னா வேணாம். டிக்கில கெடக்கட்டும்" என்றார்.

எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினேன். உள்ளபடி சொன்னால், அந்த முக்கால் மணி நேரம் மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம். கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தால் பின்னால் அவள் புடவையின் அரக்குக் கரை தெரிந்தது. எஸ்டேட் ரோட்டில் எங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது, "பெயிண்ட் அடிச்சிருக்கான் பாரு" என்றேன். திருவேற்காட்டில் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. மகளுக்கு ஏழாம் மாதம் என்பதையும், இவள் இனிமேல் மகள் வீட்டில்தான் இருக்கப் போகிறாள் என்பதையும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். "கோச்சுக்காத. அங்க புள்ள சத்தம் இருக்கும். இங்க என் இருமல்தான்" என்றேன்.

வேலப்பன்சாவடி தாண்டி, கரையான்சாவடி நெருங்கும் இடத்தில், எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ கைகாட்டின ஒரு அம்மாவுக்காக நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. நான் போனது முப்பதுக்கு மேல் இருக்காது. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றது, பெட்டி நிற்கவில்லை. பெல்ட் நடுவில் பிடித்துக்கொள்ள, பெட்டியின் தலை முன்னால் சாய்ந்து, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் வந்து மோதியது. கண்ணாடி உடைகிற சத்தம். என் சட்டைக் காலருக்குள் ஏதோ சுருக்கென்று இறங்கியது. உள்ளே சொம்பு உருண்டு, எதன்மேலோ இடித்து நின்றது.

கழுத்தைத் தடவிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் ஒரு லோடு ஆட்டோ என் காரை ஒட்டினாற்போல் கிறீச்சிட்டு நின்றது. அதை ஓட்டி வந்த ஆள், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், இறங்கி வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"யோவ் பெருசு, இன்னா இப்டி சடன் பிரேக் அடிக்கிற? உன் டிக்கிக்குள்ள பூந்திருப்பேன். ஓரங்கட்டு மொதல்ல."

ஓரம் கட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சாய்ந்து கிடந்த பெட்டியையும், உடைந்த கண்ணாடிக்குள் தெரிந்த மஞ்சளையும் புடவையையும் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இன்னாது... பூவாடைக்காரியா?"

"ஆமாம்பா."

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

அவர் செருப்பை உதறிவிட்டு, அந்த வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று, பின் கதவைத் திறந்தார்.

"கழுத்துல ரத்தம் வருது பாரு, நைனா."

"கண்ணாடிச் சில்லு. பரவால்ல."

"கொஞ்சம் வேகமா வந்திருந்தன்னா அம்மா நேரா உன் மண்டையில வந்து ஒக்காந்திருக்கும். கயிறு ஒண்ணும் இல்லியா வண்டில?"

"டிக்கில பெல்ட்டு கீது."

அவர் டிக்கியைத் திறந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "ரெண்டு பெல்ட்ட வெச்சிகினு, சாமிய சொம்மா உட்டுட்டு வந்தியா? நல்ல ஆளு நைனா நீ."

"கட்டினா... பாடை மாதிரி..." என்றேன்.

"அட, எங்க தெரு அம்மன நாங்கதான் தூக்கறோம். பூமாலைக்குள்ள எத்தினி கயிறு கீது தெரியுமா? அது இல்லன்னா மொத திருப்பத்துலயே அம்மா எங்க தலைமேல." உடைந்த கண்ணாடியை ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு எதையும் புரியவைக்கச் சொன்ன மாதிரி இல்லை, பேச்சுவாக்கில் சொன்னார்.

அது எனக்கும் தெரிந்ததுதான். வாலிபத்தில் நானும் அம்மனைத் தூக்கியிருக்கிறேன். பல்லக்கில் ஏற்றியதும் பூசாரி முதலில் செய்வது கட்டுவதுதான். இடுப்பிலும் தோளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அதன்மேல் புடவை, அதன்மேல் மாலை. கட்டு வெளியே தெரியாது. எத்தனை ஆடியில் அந்தக் கட்டை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கயிறு என்றால் பாடைக் கயிறுதான் என்று மூன்று வருடமாக என் புத்தியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

செய்தித்தாள் பொட்டலத்தின்மேல் சொம்பு உருண்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். மூன்று வளையல் தூளாகியிருந்தது. ஒன்பது முழுசாக இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். கம்பெனியில் ஒரு சின்ன வாஷரைக்கூடத் தனித்தனியாகச் சுற்றி அனுப்பினவன் நான். அவள் ஆசையாகப் பொறுக்கி எடுத்த வளையலை, பக்கத்திலேயே ஒரு பித்தளைச் சொம்பை நிறுத்தி, கட்டாமல் கொண்டுவந்திருக்கிறேன். உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கை தானாக வேலை செய்தது. பின் சீட்டை மடக்கினேன். விரித்திருந்த துண்டோடு சேர்த்து டிக்கியில் கிடந்த போர்வையையும் விரித்தேன். சொம்பைத் துணியில் சுற்றிப் புடவைக்கும் பலகைக்கும் நடுவே செருகினேன். ஒன்பது வளையலைப் புடவையின் உள்மடிப்பில் ஒவ்வொரு மடிப்புக்கு மூன்றாக வைத்தேன். உடைந்த கதவுக்குக் குறுக்கே என் மேல்துண்டைக் கட்டினேன். இரண்டு பேருமாகப் பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, அடிப்பலகை முன் சீட்டின் முதுகில் முட்டும்படி தள்ளினோம். இனி எவ்வளவு பிரேக் அடித்தாலும் முன்னால் போக இடமில்லை. சீட்டு மடங்கும் இடத்தில் இருக்கும் இரும்பு வளையத்தில் ஒரு பெல்ட்டை மாட்டிக் குறுக்காக இந்த மூலைக்கும், இன்னொன்றை அந்த மூலைக்கும் இழுத்தேன். பலகை நசுங்காமல், அசையாமல், இரும்புக் கட்டையைப் பல் பல்லாக இறுக்கி, கடைசிப் பல்லுக்கு ஒரு பல் முன்னால் நிறுத்தினேன்.

பெட்டியைப் பிடித்து ஆட்டினேன். கார் ஆடியது.

"இப்ப கார்தான் ஆடுது" என்றார் அவர். கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். "பாத்துப் போ நைனா. அந்தக் கழுத்துல கொஞ்சம் மஞ்சள் வெய்யி." பெட்டியிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து நான் வைத்துக்கொண்டேன். அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அங்கிருந்து செம்பரம்பாக்கம்வரை நான் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இருக்கிற வண்டிகள்தான் தெரிந்தன. அரக்குக் கரைப் புடவை தெரியவில்லை.

மகள் கீழேயே இறங்கி வந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தாள். மாப்பிள்ளையும் வாட்ச்மேனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சம்மந்தியம்மா ஆரத்தி எடுத்து, "வாம்மா" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கிழக்குப் பார்த்து இடம் ஒழித்து, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல இடம். காற்றும் வெளிச்சமுமாக இருந்தது.

"கண்ணாடி ஒடஞ்சுதாப்பா?"

"பிரேக் அடிச்சேன்மா. வெள்ளிக்குள்ள மாத்திடறேன்."

"உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

புடவை மடிப்பைப் பிரித்து வளையலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா எனக்குன்னு வாங்கினதா? எத்தினிப்பா? ஒன்பதா?"

சட்டைப் பையில் கைக்குட்டை கனத்தது. மாசமாக இருக்கிற பெண்ணிடம், வளைகாப்புக்கு வந்த வளையல் உடைந்தது என்று எந்த வாயால் சொல்வது?

"ஒன்பதுதாம்மா வாங்கினா."

"ஒத்தப்படையாத்தான் வாங்கியிருக்காங்க பாரு" என்று சம்மந்தியம்மா சந்தோஷப்பட்டார். "ஒத்தப்படையிலதான் போடணும். உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

நான் பெட்டியைப் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தேன். வாழைக்காய் வறுவல் போட்டார்கள். "இருந்துட்டு நாளைக்குப் போலாமே" என்றாள் மகள். சம்மந்தியம்மா ஹாலில்தான் படுப்பார் என்பது எனக்குத் தெரியும். "வீட்ட பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். பூட்டாமல் யார் வருவார்கள்? ஆனாலும் அவள் அதை ஒத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கார் லேசாக இருந்தது. டிக்கியில் அந்த இரண்டு பெல்ட்டின் இரும்புக் கட்டையும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தடவை இடித்துக்கொண்டே வந்தன. மடக்கின பின் சீட்டை நிமிர்த்தாமலே ஓட்டினேன். கரையான்சாவடியில் அந்த இடத்தைத் தாண்டும்போது கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கண்ட இடத்தில் போடக் கூடாது, கால்படாத ஏதாவது மரத்தடி பார்த்துப் போட வேண்டும்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹாலில் பெட்டி இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாக, சதுரமாக, வெள்ளையாக இருந்தது. மேலே விளக்குப் புகை ஏறின கறுப்பு. பெருக்கினேன். குளித்தேன். ஆறரைக்கு வழக்கம்போல நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். வந்து நின்ற பிறகுதான் விளக்கேற்ற எதிரில் பெட்டி இல்லை என்பது உறைத்தது. அவளிடம் சொல்ல எனக்கு இத்தனை நாளில் இல்லாத ஒரு விஷயம் இருந்தது. அவள் வாங்கினதை உடைத்தேன். அவள் முன்னாலேயே, அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மகளிடம் பொய் சொன்னேன். இதை வேறு யாரிடம் சொல்வது? கோயிலுக்குப் போகலாம். ஆனால் இது அம்மனிடம் சொல்கிற கணக்கில் வராது.

போன் அடித்தது. மகள்.

"போய்ச் சேந்தியாப்பா? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இப்பத்தாம்மா நுழைஞ்சேன்."

"விளக்கேத்திட்டேன். பூ வெச்சேன். நீ பேசறியா?"

"யாராண்ட?"

"அம்மாகிட்டதான். நீ தினமும் பேசறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அங்க வரும்போதெல்லாம் சமையக்கட்டுல நின்னு கேட்டுனுதான இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னையே கேட்டுச்சு, உங்கப்பா யார்கிட்டம்மா சண்ட போட்றாருன்னு."

கையிலிருந்த தீப்பெட்டியை ஜன்னலில் வைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போட்டு அம்மா எதிர்ல வெக்கறேன். எனக்கு தோசை ஊத்தணும். பேசி முடிச்சுட்டு நீயே கட் பண்ணிக்க."

பலகையின்மேல் போன் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் காலடி, மெதுவாக, தேய்த்துத் தேய்த்து, தூரப் போனது. சம்மந்தியம்மா பார்க்கிற சீரியல் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிஜமாகவே போய்விட்டாளா, அங்கேயே நிற்கிறாளா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். தோசைக்கல்லில் மாவு விழுந்து சுர்ரென்றது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றேன். "வீட்டுக்கு வந்துட்டேன். பெருக்கிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பன்னண்டுல மூணு போச்சு. கட்டியிருக்கணும், கட்டல. தப்பு என்மேலதான். புள்ளகிட்ட ஒன்பதுன்னு சொல்லிட்டேன், நீயும் கேட்டுனுதான் இருந்த. அவளுக்கு ஒண்ணும் வராம பாத்துக்க. எதுனா வர்றதா இருந்தா எனக்கு வரட்டும்."

அந்தப் பக்கம் இரண்டாவது தோசைக்கு மாவு விழுந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கட் பண்ணக் கை வரவில்லை. போனை அந்த வெள்ளைச் சதுரத்துக்குக் கீழே, பெட்டி இருந்த இடத்தில், சுவரில் சாய்த்து வைத்தேன். வழக்கமாக உட்காரும் இடத்தில் எதிரே உட்கார்ந்தேன். மகள் நாலாவது தோசை ஊற்றும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.